நாள் தெரியாதவர்களின் பக்கம்

சிட்னி விமான நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி என் பெட்டியிலிருந்து ஜபமாலையை எடுத்து விளக்கின் அடியில் உருட்டி உருட்டிப் பார்த்தார். ஏதோ ஒரு மரத்தின் விதைகளைக் கோத்த மாலை. விதை, மரம், அரிசி எதைக் கொண்டுவந்தாலும் சொல்லிவிட வேண்டும் என்று படிவத்தில் போட்டிருந்ததால் நானே எழுதிக் கொடுத்திருந்தேன்.

“இது முளைக்குமா?” என்று கேட்டார்.

“தெரியாதுங்க. இது என்னோடது இல்ல. ஒருத்தருக்குக் கொடுக்கக் கொண்டுவந்திருக்கேன்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். இருவரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, எல்லா விதையிலும் துளை போட்டு மெருகு பூசியிருக்கிறது என்று முடிவுக்கு வந்து திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்து நீளமான ஒரு மரப்பெட்டியைத் தட்டிப் பார்த்தார். அது காலி. “காலிப் பெட்டியையா இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தீங்க?” என்று சிரித்தார். திரும்பிப் போகும்போது அதில் ஒன்றை வைத்து எடுத்துப் போகத்தான் வந்தேன் என்று சொல்ல வாயெடுத்து, எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன்.

நான் ஒரகடத்தில் ஒரு ஜப்பானிய உதிரிபாகத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளர். காலையில் அவர்கள் ஜப்பானியத்தைத் தமிழாக்குவேன். மாலையில் நம் ஆட்களின் தமிழை, திட்டுகளை வடிகட்டிவிட்டு, ஜப்பானியமாக்குவேன். பதினெட்டு வருடமாக இதுதான் பிழைப்பு. எங்கள் மேலாளர் பெயர் மோரி-சான். ‘சான்’ என்பது நம் ‘ங்க’ மாதிரி ஒரு மரியாதை ஒட்டு. அவருடைய அத்தை ஹருகோ சிட்னியில் இருக்கிறார். தொண்ணூறைத் தாண்டியவர். தனியாக இருந்த வீட்டை விற்றுவிட்டு மெல்போர்னில் மகளிடம் போகப் போகிறார். அவர் வீட்டில் ஒரு சிறிய பௌத்த பீடம் உண்டு. அதற்குள் தொங்கும் அமிதா புத்தரின் சுருள் படம், மோரி-சானின் பாட்டி கொடுத்தது. அதை ஹிரோஷிமா பக்கத்துக் குடும்பக் கோயிலுக்கே அனுப்பிவிட வேண்டும் என்று அத்தை எழுதியிருக்கிறார். மோரி-சானுக்கு முதுகில் அறுவை சிகிச்சை; நீண்ட பயணம் கூடாது. எனவே நான்.

“தபால்ல அனுப்பற பொருள் இல்ல அது” என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “அத்தையை நான் நேர்ல பார்த்ததே இல்ல” என்றார். 

சிட்னியின் நார்த்மீட்டில் ஒரு தோழி மூலம் அறை கிடைத்தது. வீட்டுக்காரர்கள் யேசுதாசன் அங்கிளும் ரஞ்சி அன்ரியும் மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கர்கள். அங்கிள் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அன்ரி என்னைக் குசினியில் கதிரை போட்டு உட்காரவைத்து, இடியப்பமும் சொதியும் வைத்து, பயணக் களைப்புப் போகும்வரை தட்டைக் காலியாக விடவில்லை. நம் ஊரில் விருந்தாளி போதும் என்றால் இரண்டு முறை வற்புறுத்துவார்கள். மன்னாரில் ‘போதும்’ என்ற சொல்லே காதில் விழாது போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை நானே கிளம்பினேன். ஹருகோ-சானின் வீடு ஈஸ்ட்வுட்டில். பாரமட்டாவில் ரயில் ஏறி, ஸ்ட்ராத்ஃபீல்டில் மாற வேண்டும். மாறிவிட்டேன். அதுவரை சரி. ரயிலில் எதிரே இரண்டு கல்லூரிப் பெண்கள், ஒருத்தியின் காதலனைக் கழற்றிவிடலாமா வேண்டாமா என்று ஆங்கிலத்தில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். தீர்ப்பைக் கேட்கும் ஆர்வத்தில் ஈஸ்ட்வுட்டை விட்டுவிட்டேன். கழற்றிவிடுவது என்று முடிவானபோது வண்டி ஹார்ன்ஸ்பியில் நின்றது. வெளியே மழை. திரும்பி வந்து வீட்டைக் கண்டுபிடித்தபோது ஒன்றரை மணி நேரம் தாமதம். வேலிக்கதவருகே குடை பிடித்துக்கொண்டு மிகச் சிறிய ஒரு பெண்மணி நின்றிருந்தார்.

நான் ஜப்பானிய முறைப்படி இடுப்பு வரை குனிந்து, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, “தமயந்தி. தொழிற்சாலையில தமா-சான்னு கூப்பிடுவாங்க” என்றேன்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தமா என்பது ஜப்பானில் பூனைக்கு வைக்கும் பெயர்.

“இந்த வீட்டுல நீங்க நாலாவது தமா. முதல் மூணும் நல்லா எலி பிடிச்சுச்சு. உள்ள வாங்க” என்றார்.

அவர் பேசியது எழுபது வருடத்துக்கு முந்தைய ஹிரோஷிமா வட்டார வழக்கு. தொழிற்சாலை ஜப்பானியம் மட்டுமே பழகிய எனக்கு முதல் பத்து நிமிடம் திணறல். பிறகு காது பழகியது. மதியச் சாப்பாட்டுக்கு ஆஸ்திரேலிய மீட் பை, மேலே தக்காளி சாஸ், பக்கத்தில் மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய். அதற்குமுன் ஒரு வேலை செய்தார். பித்தளைக் கிண்ணியில் கொஞ்சம் சோற்றைக் குவித்து முன்னறைப் பீடத்தில் வைத்து, ஒரு சின்ன மணியைத் தட்டி, “நமாண்டபு, நமாண்டபு” என்று முணுமுணுத்தார். அமிதாவின் பெயர்தான் அது. சொல்லிச் சொல்லித் தேய்ந்து இப்படி ஆகியிருக்கிறது. கறுப்பு மெருகுப் பலகையில் செய்த, இரண்டு கதவு வைத்த பீடம். நம் வீட்டு டி.வி. பெட்டி அளவுதான். உள்ளே மங்கிய தங்க நிறத்தில், நின்ற கோலத்தில் புத்தர்.

“இது எப்படி இங்க வந்துச்சு?” என்றேன்.

போர் முடிந்தபின் குரே துறைமுகத்தில் ஆஸ்திரேலியப் படைவீரர்கள் தங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவரை ஹருகோ மணந்துகொண்டார். ஹருகோவின் அண்ணன் கடற்படையில் போய்த் திரும்பாதவர். தம்பி ரியோஜி, அதாவது மோரி-சானின் அப்பா, அக்கா எதிரி வீட்டுக்கு வாழப்போகிறாள் என்று அன்றோடு பேச்சை நிறுத்தியவர். கப்பலேறும் நாளில் அம்மா மட்டும் துறைமுகத்துக்கு வந்து, துணிமூட்டைக்குள் சுருட்டி வைத்த ஒன்றைக் கொடுத்தார். வந்து பிரித்துப் பார்த்தால் இந்தப் படம்.

“மாமியார் நல்லவங்க. ஆனா தேவாலயம் ரொம்ப முக்கியம் அவங்களுக்கு. நானும் ஞாயிற்றுக்கிழமை போவேன். பாட்டெல்லாம் பிடிக்கும். இதை மட்டும் துணி அலமாரிக்குள்ள, கோட்டுகளுக்குப் பின்னாடி மாட்டி வெச்சிருந்தேன். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போனதும் அலமாரியைத் திறந்து சோறு வைப்பேன். ஏழு வருஷம்.”

“உங்க வீட்டுக்காரருக்குத் தெரியாதா?”

“தெரியும்னு பின்னாடிதான் தெரிஞ்சுச்சு. கோட்டுல எல்லாம் ஊதுபத்தி வாசனை அடிச்சா தெரியாதா?”

அதே போல் மணமாகி வந்த இன்னொரு ஜப்பானியப் பெண் இரண்டு தெரு தள்ளி இருந்தார். அவருக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. அந்த ஊரில் அந்தக் குழந்தைக்காக ஜப்பானிய மொழியில் நாலு வரி ஓத ஒருவரும் இல்லை. பிக்கு இல்லை, கோயில் இல்லை. அந்தப் பெண் ஹருகோவின் வீட்டு வாசலில் வந்து நின்று எதுவும் கேட்கவில்லை, அழவும் இல்லை, நின்றுகொண்டே இருந்தார். ஹருகோ அவரை உள்ளே கூட்டிப் போய் அலமாரிக் கதவைத் திறந்தார். கோட்டுகளைக் கட்டில்மேல் வீசினார். சின்ன வயதில் அம்மா ஓதிக் கேட்டதில் நினைவிருந்ததை மட்டும் ஓதினார்.

“பாதிக்கு மேல மறந்து போச்சு. மறந்த இடத்துல எல்லாம் நமாண்டபு சொல்லி நிரப்பிட்டேன்” என்றார்.

அடுத்த மாதம் மூன்று பெண்கள் வந்தார்கள். அப்புறம் வணிகத்துக்காக வந்த கம்பெனிக் குடும்பங்கள். அவர்களைத் தேடிக்கொண்டு வருடத்துக்கு ஒருமுறை ஜப்பானிலிருந்து ஒரு பிக்கு. அவரைப் பார்க்க வந்த ஆஸ்திரேலியர்கள். படம் அலமாரியிலிருந்து முன்னறைக்கு வந்தது; கணவரே ஒரு ஜப்பானியக் கப்பல்காரரிடம் சொல்லிப் பீடத்தை வரவழைத்தார். இன்றைக்கு இந்த நாட்டில் பெரிய பெரிய பௌத்தக் கோயில்கள் இருக்கின்றன. எந்தெந்த நாட்டவரோ கட்டியவை. ஆனால் ஈஸ்ட்வுட்டின் இந்த முன்னறைக்கு ஐம்பது வருடத்துக்கும் மேலாக மாதம் ஒரு ஞாயிறு ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.

“அப்புறம் ஏன் திருப்பி அனுப்பறீங்க?”

“இப்ப நடத்தறது பிரையன். நல்ல பையன்.” பையனுக்கு அறுபத்தெட்டு வயது என்று பிறகு தெரிந்தது. “ஓசை மட்டும்தான் அவனுக்குத் தெரியும். பொருள் தெரியாது. நான் மெல்போர்ன் போயிட்டா தப்பைத் திருத்த ஆள் இல்ல. நாலு வருஷத்துல அது வேற ஏதோவா ஆயிடும். அம்மா கொடுத்த பொருளை அப்படி விட்டுட்டுப் போக மனசு வரல.”

“பிரையனுக்குத் தெரியுமா?”

“ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கலாம்” என்று தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஹார்ன்ஸ்பிக் கதையைக் கேட்ட அங்கிள், இனி என்னை ரயிலில் விடுவதில்லை என்று தீர்மானித்தார். வியாழக்கிழமை அவருடைய வேனில் போனோம். முன்கண்ணாடியில் ஒரு செபமாலை ஆடிக்கொண்டிருந்தது. எந்த வீடு, என்ன வேலை என்று வழியில் கேட்டார். சொன்னேன்.  வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபின்தான் வாய் திறந்தார்.

“நான் உள்ளுக்க வரேல்ல பிள்ளை. நீங்க போட்டு வாங்கோ. நான் வாகனத்திலயே இருக்கிறன்.”

“ஏன் அங்கிள்?”

“யுத்தம் முடிஞ்சு ஊருக்கு ஒருக்காப் போனனான். எங்கட சந்தியில, மாதா சொரூபத்துக்கு எதிர்ப்பக்கம், ஒரு புத்தர் இருக்கிறார். ஊரில பௌத்தர் எண்டு ஒருத்தரும் இல்ல. ஆர் வச்சது எண்டு கேக்கவும் ஏலாது. அவரில எனக்குக் கோவம் இல்ல பிள்ளை. ஆனால் அந்த முகத்தைப் பாத்தா என்ட நெஞ்சு ஒரு மாதிரி இறுகுது.”

 காஞ்சிபுரத்தில் வளர்ந்தவள் நான். எங்களுக்குப் புத்தர் பள்ளிப் பாடத்தில் வருகிறவர், அவ்வளவுதான். உள்ளே போய், வெளியே இருப்பவர் ஏன் வரவில்லை என்று கேட்ட ஹருகோ-சானிடம் உள்ளபடியே சொன்னேன். மொழிபெயர்ப்பாளருக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தட்டில் தேநீரும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு, மழையில் நனைந்த படிகளில் ஒவ்வொன்றாக இறங்கினார். நான் பதறிப் பின்னால் ஓடினேன்.

அங்கிள் கண்ணாடியை இறக்கினார். ஹருகோ-சான் அவர் முகத்தைப் பார்க்காமல் செபமாலையைப் பார்த்தார். பிறகு தன் சட்டைப்பையிலிருந்து, மோரி-சான் கொடுத்தனுப்பி நான் கொண்டுவந்த விதை மாலையை எடுத்துக் காட்டினார். “உங்களோடது அழகா இருக்கு” என்று ஆங்கிலத்தில் சொன்னார். “எந்த ஊர்?”

“மன்னார். இலங்கை. கடற்கரை.”

நான் இடையில் புகுந்து, ஒரு காலத்தில் முத்துக்குளிப்புக்குப் பேர்போன கடல் அது என்றேன். ஹருகோ-சானின் கண்கள் விரிந்தன. ஆஸ்திரேலியாவின் வடகரையில் முத்துச் சிப்பி எடுக்க எத்தனையோ ஜப்பானியர்கள் வந்தார்கள், தனக்கு முன்னால் இந்த நாட்டில் புத்தர் பெயரைச் சொன்னவர்களில் அவர்களும் உண்டு, போர் வந்ததும் அவர்களை முகாமில் அடைத்தார்கள், பிறகு பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றார். “கல்லறைகளை மட்டும் திருப்பி அனுப்ப முடியல” என்றார்.

அங்கிள் அதை யோசித்துக்கொண்டே தேநீரைக் குடித்தார். கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும்போது தானே இறங்கி, அவர் கையைப் பிடித்துப் படியேற்றிவிட்டு, வாசலிலிருந்து திரும்பினார்.

அதே நேரம் பிரையன் வந்தார். குழாய் வேலைக்காரர். அரைக்கால் சட்டை, முழங்கால்வரை சேறு. முப்பது வருடத்துக்கு முன் இந்த வீட்டுச் சமையலறைக் குழாயைச் சரிசெய்ய வந்தவர். அவர் மனைவி இறந்து ஒரு மாதம்கூட ஆகாத சமயம். அன்றைக்கு முன்னறையில் மணி ஒலித்திருக்கிறது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அந்த ஒலி அடங்கும்வரை நின்றாராம். “அந்த வேலைக்கு இன்னும் பில் போடல” என்று சிரித்தார்.

வீடு போனபின் கூட்டம் நடத்த, அருகில் ஒரு பொதுக் கூடத்தில் ஓர் அறை எடுத்திருந்தார். வாருங்கள் காட்டுகிறேன் என்று என்னையும் அங்கிளையும் கூட்டிப் போனார். ஹருகோ-சான் கால் வலி என்று வரவில்லை. அறையில் நாற்காலிகள், ஒரு தேநீர்க் கெண்டி, சுவரில் அவரே இழைத்துப் பொருத்திய ஒரு மர மாடம்.

“அவங்க தூங்கறப்ப டேப் வெச்சுப் பீடத்தை அளந்தேன்” என்றார் பிரையன். “ரெண்டு பக்கமும் விரல் போற அளவு இடம். கதவு திறக்கணும்ல.”

உள்ளே விரலை விட்டுக் காட்டினார். என் அறையில், கட்டிலுக்கு அடியில், மோரி-சானின் காலிப் பெட்டி இருந்தது. நான் நன்றாக இருக்கிறது என்றேன்.  திரும்பும் வழியில் அங்கிள், “என்ன பிள்ளை, முகம் செத்துப்போச்சு?” என்றார். சொன்னேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார்.

“அந்த மனுசன் அலுமாரி செய்து வச்சிருக்கிறார். நீங்க சாமியைக் கொண்டு போகப் போறியள். இதை அவருக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. என்ன பிள்ளை இது?”

“சொல்ல வேண்டியது நான் இல்லையே அங்கிள்.”

“ஓம். அதுவும் சரிதான்” என்று மறுபடி வண்டியை எடுத்தார். 

ஞாயிற்றுக்கிழமை. ஜப்பானில் அது இலையுதிர் காலத்தில் முன்னோரை நினைக்கும் நாள். சிட்னியிலோ வசந்தம், தெரு முழுக்கப் பூ. அன்றைக்கு ஒரு இனிப்பு செய்வார்கள். நம் பூரணக் கொழுக்கட்டையை உள்ளும் வெளியும் மாற்றிப்போட்டது போல, சோறு உள்ளே, சர்க்கரை போட்ட பயறு வெளியே. இலையுதிர் காலத்தில் அதற்கு ஒரு பெயர், வசந்தத்தில் வேறு பெயர். வந்த முதல் வருடம் இங்கே எந்தப் பெயரைச் சொல்வது என்று ஹருகோ-சான் குழம்பிப் போனாராம். பிரையன் அதை ஆங்கிலத்தில் ‘ஒட்டுறது’ என்கிறார். இப்போது எல்லோருக்கும் அதுதான் பெயர்.

இருபது பேர் இருக்கும். இரண்டு வயதான ஜப்பானியப் பெண்கள், கைக்குழந்தையோடு ஓர் இளம் ஜப்பானிய நர்ஸ், கடை வைத்திருக்கும் வியட்நாமியத் தம்பதி, மற்றவர்கள் ஆஸ்திரேலியர்கள். அங்கிள் இந்த முறை வேனில் உட்காரவில்லை. வராந்தாவில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, முதுகைக் கதவுக்குக் காட்டி உட்கார்ந்தார்.

பிரையன் அரைக்கால் சட்டையின்மேல் ஒரு பட்டுப் பட்டியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓதினார். ஜப்பானிய உயிரெழுத்துகள் அவர் வாயில் ரப்பர் மாதிரி நீண்டன. தப்பு வரும்போதெல்லாம் ஹருகோ-சான் விரல் முட்டியால் தரையைத் தட்டினார். பிரையன் பின்னால் போய், திருத்தி, மேலே போனார். அந்தத் தட்டலும் ஓதலின் ஒரு பகுதி என்று நினைத்து வியட்நாமியக் கடைக்காரரும் கூடவே தட்டினார்.

ஓதி முடித்தபின் ஒரு தடித்த நோட்டை எடுத்தார்கள். இறந்தவர்களின் பெயர்கள், இறந்த நாள் வாரியாக. முதல் பக்கத்தில் அந்தக் குழந்தை. அதற்குப் பெயர் வைக்கவில்லை, அம்மாவின் பெயரும் நாளும் மட்டும். பிறகு ஜப்பானியப் பெயர்கள், ஆங்கிலப் பெயர்கள், வியட்நாமியப் பெயர்கள், ஹருகோவின் கணவர், பிரையனின் மனைவி, யாருடையதோ ஒரு நாய். அந்த மாதத்துப் பெயர்களைப் படிப்பதற்கு முன்னால் ஹருகோ-சான் எழுந்து வராந்தாவுக்குப் போனார். நான் பின்னால் போனேன்.

“உங்களுக்கு யாராவது இருக்காங்களா, படிக்க?” என்று என் மூலம் கேட்டார்.

அங்கிள் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“தம்பி ஒருத்தன். சூசை.”

“எந்த நாள்?”

“நாள் தெரியாது. கூட்டிக்கொண்டு போன நாள்தான் தெரியும். பிறகு ஒரு சேதியும் இல்ல.” அவர் குரல் கெட்டியானது. “அவன் செத்துப் போனான் எண்டு நான் இன்னும் ஒருத்தருக்கும் எழுதிக் குடுக்கேல்ல பிள்ளை. மரணச் சான்றிதழ் எடுங்கோ எண்டு எத்தனை பேர் சொன்னவை. நான் எடுக்கேல்ல. இதிலயும் எழுத மாட்டன். அவவுக்கு வடிவாச் சொல்லுங்கோ.”

சொன்னேன். ஹருகோ-சான் நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். அதில் தேதிகள் இல்லை. முதல் பெயர் அவர் கையெழுத்தில்.

“என் அண்ணன். கப்பலோட போனான். எந்தக் கடல்ல, எந்த நாள்ல, யாரும் சொல்லல. இவங்க ரெண்டு பேரும் வடக்கே முத்துக்குளிக்கப் போய்த் திரும்பாதவங்க. இவங்க பேத்தி ஒருத்தி வந்து எழுதச் சொன்னா. இந்தப் பக்கத்துல இருக்கறவங்களை இறந்தவங்கன்னு நாங்க சொல்றதில்ல. பேரைக் கூப்பிடறோம். அவ்வளவுதான்.”

நான் ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னேன். அங்கிள் எழுந்து நின்றார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“தமிழில எழுதலாமோ?”

தமிழிலேயே எழுதினார். பிரையன் படிப்பதற்காக அடியில் ஆங்கிலத்திலும் எழுதினார். எழுதியபின் வெளியே போகவில்லை. சுவரோரமாக நின்றார். பீடத்தைப் பார்த்தாரா, தரையைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. அவரைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

மாதத்துப் பெயர்கள் முடிந்து, கடைசிப் பக்கம் வந்தது. பிரையன் படித்தார். “சூ… சாய்.”

“இல்ல” என்று சுவரோரத்திலிருந்து குரல் வந்தது. “சூசை.”

“சூசாய்.”

“சை. சூசை.”

“சூசை” என்றார் பிரையன்.

“ஓம்” என்றார் அங்கிள். மணி ஒலித்தது.

எல்லோரும் ‘ஒட்டுறதை’ச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஹருகோ-சான் என் முழங்கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனார்.

“தமா-சான், அந்தப் பெட்டியைக் காலியாவே கொண்டு போயிடுங்க. அந்த ஊர்க் கோயில்ல இந்த நோட்டுல இருக்கற ஒருத்தரையும் யாருக்கும் தெரியாது. இவங்க பேரையெல்லாம் இந்தப் படத்துக்கு முன்னாடிதான் கூப்பிட்டோம். படத்தை மட்டும் எடுத்துட்டுப் போயிட்டா இவங்களை எங்க விடறது?”

“தப்பாப் படிப்பாங்களே?”

“படிப்பாங்க. இப்ப திருத்தினாரே அவர். அந்த மாதிரி யாராவது இருப்பாங்க.”

பிறகு பிரையனைக் கூப்பிட்டார். தன் ஆங்கிலத்தில், கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னார்: “நான் இதை உனக்குத் தராம ஜப்பானுக்கு அனுப்பப் பார்த்தேன். இந்தப் பொண்ணு அதுக்குத்தான் வந்தா. உன்கிட்ட சொல்லாம இருந்தது தப்பு.”

பிரையனின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. குழாயைத் திறந்து, தொட்டியில் கிடந்த கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கழுவ ஆரம்பித்தார். அத்தனையையும் கழுவி முடித்தபின், திரும்பிப் பார்க்காமல், “நான் நல்லாப் படிக்கலதான்” என்றார்.

“இல்லதான்” என்றார் ஹருகோ-சான். “ஆனா முப்பது வருஷமா ஒரு மாசம்கூட வராம இருந்ததில்ல.”

மறுநாள் பீடத்தை மாற்றினோம். பிரையனின் வண்டி முழுக்கக் குழாய்கள். எனவே அங்கிளின் வேன். பின்னிருக்கையில் பீடத்தை நிறுத்தி, கம்பளி சுற்றி, அங்கிளே சீட் பெல்ட் மாட்டினார். நம் ஊர் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள்.

“அடியுங்கோ, அடியுங்கோ” என்று கண்ணாடியில் பார்த்துச் சொன்னார். “பிள்ளை, ரஞ்சியிட்ட இதைச் சொல்லாதேங்கோ. நானே ஆறுதலாச் சொல்லுறன்.” வீட்டுக்குப் போனதும் பூட்ஸைக் கழற்றுவதற்குள் அவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அன்ரி கேட்டுவிட்டு, “சூசையிட பேரையோ வாசிச்சவை?” என்று மட்டும் கேட்டார். பிறகு அடுப்பை நிறுத்திவிட்டு வந்து அங்கிளின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

புதன்கிழமை ஹருகோ-சானை அழைத்துக்கொண்டு மெல்போர்ன் போனேன். மகள் ஹெலன் டார்னெய்ட்டில் இருக்கிறார். புதுப் புது வீடுகள், தெருவுக்குத் தெரு இந்திய மளிகைக் கடை. கடையில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்த ஒரு கோயம்புத்தூர்ப் பெண், “உங்க பாட்டிக்கு எந்த ஊருங்க?” என்று ஹருகோ-சானைக் காட்டிக் கேட்டார். ஹிரோஷிமா என்றேன். “ஓ, நாங்க பொள்ளாச்சி பக்கம்” என்றார், ஏதோ அடுத்த ஊர் மாதிரி.

மோரி-சானுக்குச் செய்தி சொல்வது பாக்கி இருந்தது. வியாழன் காலை போன் செய்தேன். ஹருகோ-சானும் ஹெலனும் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். பெட்டி காலியாக வருகிறது என்று சொல்லி நிறுத்தினேன். மறுமுனையில் சத்தமே இல்லை. பதினெட்டு வருடத்தில் அவருடைய மௌனங்களை எனக்குத் தெரியும். கோப மௌனம் குறுகியது. இது நீண்டது.

“தமா-சான்” என்றார் கடைசியில். “அந்த நோட்டுல எங்கப்பா பேரை எழுதுவாங்களா?”

ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். ஹருகோ-சான் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார். அத்தையும் மருமகனும் பேசியது அதுதான் முதல் தடவை.

“எந்த நாள்?” என்று கேட்டார்.

மோரி-சான் நாளைச் சொன்னார். கடைசிக் காலத்தில் அப்பா ஒருமுறை அக்காவின் பெயரைச் சொன்னார் என்றும், அதைக் கேட்டும் தான் இத்தனை வருடம் அத்தைக்கு அதை எழுதாமல் இருந்துவிட்டதாகவும் சொன்னார். ஹருகோ-சான், “சரி, சரி” என்றார், குழந்தையைத் தட்டிக்கொடுப்பது போல.

வைத்த கையோடு சிட்னிக்குப் போன் போட்டார். பிரையன் யார் வீட்டுத் தொட்டிக்கு அடியிலோ படுத்திருந்தார். பென்சில் எடுக்க நேரம் பிடித்தது. ஹருகோ-சான் ஒவ்வொரு ஆங்கில எழுத்தாகச் சொன்னார், நாளைச் சொன்னார்.

“படி” என்றார்.

“ரை-ஓ-ஜி.”

விரல் முட்டி மேசையில் தட்டியது.

“ரயோஜி.”

மறுபடி தட்டியது. மறுமுனையில் ஒரு பெருமூச்சு, ஏதோ சாவி கீழே விழும் சத்தம்.

“ரியோஜி” என்றார் பிரையன்.

ஹருகோ-சானின் விரல்கள் மேசைமேல் விரிந்து அப்படியே இருந்தன. “இன்னொரு தடவை” என்றார்.